தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி ஊர்

மாட்டுங்கா என்றதும் நம்மவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சாப்பாடு. கஃபே மெட்ராஸ், ராமாஸ்ரயா, ராம நாயக்கின் உடுப்பி போர்டிங் என்று சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். அதற்கடுத்து பூக்கடைகள், ஆஸ்திக சமாஜம், சங்கர மடம், வாழையிலையும் வெற்றிலையும் விற்கிற கடைத்தெரு. சினிமா பார்க்கிறவர்கள் என்றால் வரதராஜ முதலியாரையும் ஸ்டேஷன் பக்கத்தில் அவர் வைத்த பிள்ளையார் பந்தலையும் 'நாயகன்' படத்தையும் இழுத்து வந்துவிடுவார்கள். எல்லாம் உண்மைதான். எனக்குத் தெரிந்த மாட்டுங்கா வேறு. அது ஒரு கல்லூரி ஊர். இவ்வளவு பெரிய நகரத்துக்கு நடுவே, நடந்தே சுற்றிவிடக்கூடிய அளவில் இருக்கிற ஊர். தாராவியில் பிறந்து, அந்த ஊரில் படித்து, இப்போது செம்பூரில் குடியிருக்கிற ஒருவன் அதைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று எனக்கு நெடுநாளாக எண்ணம்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் காலை மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கிப் பாருங்கள். 2017 முதல் பெண் ஊழியர்களே முழுக்க நடத்திவரும் ஸ்டேஷன் அது. மழைக்கோட்டும் முதுகுப்பையுமாக இறங்குகிற கூட்டத்தில் பாதிப் பேர் மாணவர்கள். கிழக்குப் பக்கம் வெளியே வந்து தாதர் பக்கமாகத் திரும்பினால் ரூயா, பொதார், வெலிங்கர் மூன்றும் ஒரே சாலையில். ரூயா நாக்காவில் நாடக ஒத்திகையைப் பற்றி வாக்குவாதம் செய்துகொண்டு நிற்கும் பையன்களையும் பெண்களையும் தாண்டி, பார்சி காலனி வழியாக ஃபைவ் கார்டன்ஸ் வந்தால் பெரிய பெரிய மரங்கள், சத்தம் குறைந்த தெருக்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் வி.ஜே.டி.ஐ. அதையொட்டி யு.டி.சி.டி., இன்றைய பெயரில் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி. அருகிலேயே குரு நானக் கால்சா கல்லூரி. இன்னும் நடந்தால் கிங் சர்க்கிள். அதற்கு மேல் சயான் பக்கம் போனால் சண்முகானந்தா சபா. வழி நெடுக ஜெராக்ஸ் கடை, பழைய புத்தகக் கடை, பேயிங் கெஸ்ட் வீடுகள், மலிவு மெஸ். ஒரு ஊருக்கே கல்லூரிகள்தான் பிழைப்பு என்று சொன்னால் என்ன அர்த்தமோ அது இங்கே தெருவில் தெரியும்.

இந்த இடம் இப்படி ஆனதற்கு ஒரு நோய் காரணம்.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. துறைமுகத்தையொட்டிய நெருக்கமான வீடுகள், காற்று புகாத சால்கள், நிறைந்து வழிகிற சாக்கடை. ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள்; லட்சக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். மில்கள் ஆளில்லாமல் நின்றன. அரசுக்கு உறைத்தது. 1898-இல் பாம்பே சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்று ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள். பழைய நகரத்துக்குள் சாலைகளை வெட்டித் திறப்பது ஒரு வேலை. வடக்கே ஆளில்லாத நிலத்தில் புதிதாகக் குடியிருப்புகளை வகுப்பது இன்னொரு வேலை. அந்த வடக்குதான் தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான்.

அதுவரை மாட்டுங்கா நகரத்தின் கடைசி ஓரம். நகரம் தன் கண்ணில் படக்கூடாது என்று நினைத்ததைக் கொண்டுவந்து தள்ளிய இடம். 1890-இல் ஆக்வொர்த் என்கிற முனிசிபல் கமிஷனர் வீடற்ற தொழுநோயாளிகளுக்கான விடுதியை இங்கேதான் வைத்தார். ஆக்வொர்த் மருத்துவமனை இன்றும் வடாலாவில் இருக்கிறது. வயலும் சதுப்புமாகக் கிடந்த அந்த நிலத்தில்தான் டிரஸ்ட் கோடு போட்டது. இவ்வளவு அகலத்துக்குச் சாலை, கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவே இவ்வளவு இடைவெளி, இங்கே தோட்டம், இங்கே பள்ளிக்கூடம் என்று முன்கூட்டியே தீர்மானித்தார்கள். தாதரில் மஞ்செர்ஜி ஜோஷி என்கிற எஞ்சினியர் நடுத்தரப் பார்சிக் குடும்பங்களுக்காக நிலம் கேட்டு வாங்கிக் காலனி அமைத்தார். ஃபைவ் கார்டன்ஸுக்கு இப்போது அவர் பெயர்தான்.

ஒரு தோட்டத்துக்கு இடம் விடுவதென்பது பெரிய காரியம் என்று தாராவியில் வளர்ந்தவனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. வரைபடத்தில் கல்லூரிக்கென்று ஒரு கட்டம் ஒதுக்கிவிட்டால் கல்லூரி எப்போதாவது வந்துவிடும். கட்டம் இல்லையென்றால் எத்தனை நன்கொடை திரட்டினாலும் அதைக் கட்ட இடம் கிடைக்காது.

கட்டம் இருந்ததால் வந்தார்கள். விக்டோரியா ராணியின் ஐம்பதாண்டு ஆட்சியை முன்னிட்டு 1887-இல் பைகுல்லாவில் தொடங்கிய விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிட்யூட், மில்களுக்கு ஆள் தயாரித்துக்கொண்டிருந்த பள்ளி, 1923-இல் மாட்டுங்காவுக்குக் குடிபெயர்ந்தது. 1997-இல் அதன் பெயர் வீரமாதா ஜீஜாபாய் என்று மாறினாலும் வி.ஜே.டி.ஐ. என்கிற சுருக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. அடுத்து 1933-இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் ரசாயனத் தொழில்நுட்பத்துக்கென்று யு.டி.சி.டி.யைத் தொடங்கியது, அதற்கும் நிலையான இடம் மாட்டுங்காவில்தான் அமைந்தது. 1937-இல் ரூயா. அதே ஆண்டு கால்சா. 1941-இல் பொதார். இருபது வருடத்துக்குள் ஒரு சதுப்பு நிலம் கல்லூரி ஊராகிவிட்டது.

அதே இருபது வருடத்தில்தான் நம்மவர்கள் மாட்டுங்காவில் வந்து நிறைந்தார்கள். தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டு அக்கிரகாரங்களிலிருந்து வந்த இளைஞர்கள். கையில் மெட்ரிகுலேஷன் சான்றிதழும் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் பாஸும். ரயில்வே, துறைமுகம், வங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனி, மில் ஆபீஸ் என்று எங்கும் குமாஸ்தா வேலை இருந்தது. மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப் 1915-இலேயே வந்துவிட்டது. டிரஸ்ட் நிலத்தில் எழுந்த இரண்டு மாடி, மூன்று மாடிக் கட்டடங்களில் வாடகைக்கு வீடு கிடைத்தது. முதலில் ஒருத்தர், பின்னால் தம்பி, அத்தை மகன், ஊர்க்காரர். ஒரு அறையில் ஐந்தாறு பேர் படுத்துக்கொண்டு, சாப்பாட்டுக்கு மெஸ்ஸுக்குப் போனார்கள்.

கல்யாணமாகிக் குழந்தைகள் பிறந்ததும் அவர்கள் முதலில் யோசித்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி. 1932-இல் எம்.வி. வெங்கடேஸ்வரன் சவுத் இண்டியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கினார். எஸ்.ஐ.இ.எஸ். என்றால் இன்று மும்பை முழுக்கத் தெரியும். மாட்டுங்காவில் ஒரு சின்னப் பள்ளியாக ஆரம்பித்து, 1960-இல் சயானில் கல்லூரி, பின்னால் நெருலில் பெரிய வளாகம் என்று வளர்ந்தது. வடாலாவில் அதேபோல எஸ்.ஐ.டபிள்யூ.எஸ். சொந்த வீடுகூட இல்லாத குமாஸ்தாக்கள், மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்துவைத்துப் பள்ளி நடத்தினார்கள். சாதி பார்த்தார்கள், தங்களுக்குள்ளேயே புழங்கினார்கள் என்று அந்தத் தலைமுறையைப் பற்றி எனக்கு ஆயிரம் விமர்சனம் உண்டு. ஆனால் பள்ளி கட்டிய விஷயத்தில் அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன்.

யு.டி.சி.டி.யைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும், ஏனென்றால் அதில் ஒரு தமிழரின் கதை இருக்கிறது. அதைத் தமிழர்களே மறந்துவிட்டார்கள்.

அன்றைய பம்பாய் பருத்தி மில்களின் நகரம். துணி நெய்தோம், அதற்குப் போடும் சாயம் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் கப்பலில் வந்தது. சாயத்தின் வேதியியல் தெரிந்த ஆட்கள் இங்கே இல்லை. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் பல்கலைக்கழகம் ஜவுளி வேதியியல், ரசாயனப் பொறியியல் என்று இரண்டு பாடங்களோடு இந்தத் துறையைத் தொடங்கியது. 1934-இல் அங்கே ஆசிரியராக வந்து சேர்ந்தார் கிருஷ்ணசாமி வெங்கடராமன். 1901-இல் சென்னையில் பிறந்தவர். மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்பி, லாகூரில் ஃபோர்மன் கிறிஸ்டியன் கல்லூரியில் பாடம் நடத்தியவர். தாவரங்களில் இருக்கும் ஃபிளேவோன் என்கிற மஞ்சள் நிறப் பொருள்களைச் செயற்கையாகச் செய்யும் வழியில் அவர் கண்டறிந்த ஒரு வினைக்கு உலகப் பாடப்புத்தகங்களில் பேக்கர்–வெங்கடராமன் என்று பெயர். 1938-இல் அவர் யு.டி.சி.டி.யின் இயக்குநரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1957-இல் புனே தேசிய ரசாயன ஆய்வகத்துக்கு இயக்குநராகப் போனார். அங்கேயும் முதல் இந்தியர் அவரே. செயற்கைச் சாயங்களின் வேதியியலைப் பற்றி 1952-இல் தொடங்கிப் பல தொகுதிகளாக அவர் கொண்டுவந்த நூல் வரிசை, அந்தத் துறையில் வேலை செய்பவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் கையில் எடுத்த புத்தகம்.

அவர் தயார்செய்த இடத்தில் பின்னால் வந்தவர்களைப் பாருங்கள். மன்மோகன் சர்மா, இங்கேயே படித்து, கேம்பிரிட்ஜ் போய், 1964-இல் 27 வயதில் பேராசிரியராகத் திரும்பிவந்தவர். லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்தியப் பொறியாளர். அவரிடம் டாக்டர் பட்டம் வாங்கியவர் ரகுநாத் மாஷேல்கர். அப்பா இல்லாமல், கூலி வேலை செய்த அம்மாவின் உழைப்பில், கிர்காவ் பக்கம் முனிசிபல் பள்ளியில் படித்த பையன். சி.எஸ்.ஐ.ஆர். தலைமை வரை போனார். முகேஷ் அம்பானியும் யு.டி.சி.டி. மாணவர்தான், அது எல்லாருக்கும் தெரியும். எனக்கு மாஷேல்கர் முக்கியம். முனிசிபல் பள்ளியிலிருந்து ஒரு பிள்ளை அந்த வாசலுக்குள் நுழைய முடிந்தது என்பதற்கு அவர் சாட்சி.

இங்கே கொஞ்சம் வெளிநாடு போய்வருகிறேன். கல்லூரி ஊர் என்கிற யோசனை எனக்கு வந்ததே வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித்தைப் பற்றிப் படித்தபோதுதான். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். ரயில் வந்தால் சுற்றுலாப் பயணிகள் குவிவார்கள் என்று நம்பி ஒருவர் பெரிய ஓட்டல் கட்டத் தொடங்கி, பாதியில் திவாலாகிப் போனார். வேல்ஸுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்தவர்கள் 1867-இல் அந்தக் கட்டடத்தை 10,000 பவுனுக்கு வாங்கினார்கள். 1872-இல் 26 மாணவர்களோடு கல்லூரி திறந்தது. ஆரம்ப ஆண்டுகளில் அரசு ஒரு காசு தரவில்லை. கல்குவாரித் தொழிலாளிகளும் சுரங்கத் தொழிலாளிகளும் குடியானவர்களும் பென்னி பென்னியாகக் கொடுத்தார்கள். 1875-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கல்லூரிக்காகவே ஒதுக்கி, வேல்ஸ் முழுக்கச் சிற்றாலயங்களில் தட்டு ஏந்தினார்கள். பின்னால் வேல்ஸின் தேசிய நூலகமும் அதே ஊருக்கு வந்தது. 1963-இல் வெல்ஷ் மொழிக்காக அதன் மொழிச் சங்கம் நடத்திய முதல் மறியலும் அந்த ஊர்ப் பாலத்தில்தான்.

அங்கிருந்து ஒன்றிரண்டு மணி நேர பஸ் பயணத்தில் லாம்பிட்டர். அது இன்னும் சின்னது, சில ஆயிரம் பேர்தான். 1822-இல் அடிக்கல் நாட்டி 1827-இல் திறந்த கல்லூரி. ஏறக்குறைய 200 வருடம் அந்த ஊருக்கு அடையாளமாக இருந்தது. மாணவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று 2025-இல் அங்கிருந்த படிப்புகளை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கடைக்காரர்களும் பழைய மாணவர்களும் எவ்வளவோ எதிர்த்தும் நடக்கவில்லை. கல்லூரி போனபிறகு அந்த ஊரில் மிச்சம் என்ன என்று யோசித்தால் மனசு கனக்கிறது.

அபெரிஸ்ட்வித் கதையில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்தப் பென்னிதான். ஏழைகள் காசு போட்டுப் பள்ளி கட்டுகிற கதை எனக்குப் புதிதில்லை. தாராவியில் அது மாட்டுங்காவுக்கு முன்னாலேயே நடந்தது.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கும் சயான் ஸ்டேஷனுக்கும் நடுவே ரயில் போகும்போது மேற்குப் பக்கம் எட்டிப் பாருங்கள். தகரக் கூரைகள் தெரியும். தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து ஆதிதிராவிடர்களும் முஸ்லிம்களும் நாடார்களும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே இங்கே வரத் தொடங்கினார்கள். பாந்த்ராவில் ஆடு மாடு வெட்டும் கூடம் இருந்தது. தோல் பதனிடும் தொழிலை நாற்றம் தாங்காமல் நகரத்துக்கு வெளியே தாராவிக் கழிமுகத்துக்குத் துரத்தினார்கள். அந்தத் தொழிலைச் செய்ய ஆள் வேண்டியிருந்தது. வந்தவர்கள் 1887-இல் படி மசூதியைத் தொடங்கினார்கள், வி.ஜே.டி.ஐ. பைகுல்லாவில் தொடங்கிய அதே ஆண்டு. 1913-இல் கணேசர் கோயில். 1924-இல் தமிழ்ப் பள்ளி.

இந்த 1924 என்கிற எண்ணை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். வி.ஜே.டி.ஐ. மாட்டுங்காவுக்கு வந்த மறு ஆண்டு. எஸ்.ஐ.இ.எஸ். தொடங்குவதற்கு எட்டு ஆண்டு முன்பு. ஷார்ட்ஹேண்ட் தெரிந்த குமாஸ்தாக்கள் பள்ளியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே, தோல் ஷாப்பில் சுண்ணாம்பிலும் உப்பிலும் கை வெந்த மக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அட்சரம் வேண்டும் என்று பள்ளி கண்டிருக்கிறார்கள். தாராவிக்காரர்களுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் இந்த ஆண்டைச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிப்பேன்.

அப்படியானால் ஒரு பக்கம் எட்டுக் கல்வி நிறுவனங்களும் தோட்டங்களும், இன்னொரு பக்கம் நெடுங்காலம் ஒற்றைப் பள்ளியும் என்று ஏன் ஆயிற்று? மாட்டுங்காவுக்கு டிரஸ்ட் கோடு போட்டது. தாராவிக்கு யாரும் கோடு போடவில்லை. சதுப்பைத் தேங்காய் நாரும் குப்பையும் கொட்டித் தூர்த்து, மண் போட்டு, அதன்மேல் வீடு கட்டியவர்கள் அங்கே குடியிருந்தவர்களேதான். அறுநூறு ஏக்கர் சொச்சத்தில் இவ்வளவு லட்சம் பேர் நெருக்கிக்கொண்டு வாழும்போது பள்ளிக்கூடத்துக்கு மைதானம் எங்கே விடுவது? ஒரே நகரத்தில், ஒரே மொழி பேசுகிறவர்களுக்கு, இருபது நிமிட நடைத் தூரத்தில் இப்படி இரண்டு விதி.

நடைத் தூரம் என்று சொன்னாலும் நடக்க வழி வேண்டும். நடுவே தண்டவாளங்கள். 1912-இல் கட்டிய சயான் மேம்பாலம்தான் தாராவிக்காரர்கள் கிழக்கே போவதற்கான பெரிய வழியாக இருந்தது. பழையதாகிவிட்டது என்று 2024 ஆகஸ்டில் அதை வாகனங்களுக்கு மூடி, இடித்துக் கட்ட ஆரம்பித்தார்கள். தாராவியிலிருந்து கிங் சர்க்கிள் பக்கக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகள் எவ்வளவு சுற்ற வேண்டியிருந்தது என்பதை அந்தச் சமயத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் அப்பா தோல் பை தைக்கும் வேலை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது முதல் சில மாதங்கள் விலாசம் கேட்டால் சயான் என்று சொல்லிவந்தேன். என் வகுப்பில் தாராவிப் பிள்ளைகள் வேறு சிலரும் இருந்தார்கள். அவர்களும் சயான் என்றுதான் சொன்னார்கள். மாலையில் ஒரே பாலத்தில் ஏறி ஒரே பக்கம் இறங்கும்போதுதான் ஒருவரையொருவர் கண்டுகொண்டோம். லேபர் கேம்ப் பையன் ஒருவன் மட்டும் தலை நிமிர்ந்து 'மாட்டுங்கா லேபர் கேம்ப்' என்பான். தாராவியை ஒட்டிய அந்தத் தொழிலாளர் குடியிருப்பில்தான் மராத்தி எழுத்தாளர் அண்ணாபாவ் சாட்டே தன் இளமையில் கட்சி வேலை செய்தார் என்று எங்களுக்கு அவன்தான் சொன்னான்.

கல்லூரி ஊரில் எனக்கு மிகவும் பிடித்த கட்டடம் ஒரு கல்லூரி இல்லை. தாதர் இந்து காலனியில், ரூயாவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் ராஜகிருகம். 1930-களின் தொடக்கத்தில் அம்பேத்கர் கட்டிய வீடு. புத்தகங்களுக்காகவே கட்டிய வீடு என்று சொல்லவேண்டும். ஐம்பதாயிரம் புத்தகங்கள் அங்கே சேர்ந்தன என்பார்கள். பள்ளியில் சாக்கு விரித்துத் தனியாக உட்கார்ந்து படித்த மனிதர், பம்பாயின் கல்லூரி ஊருக்குள் தனக்கென்று ஒரு நூலகத்தை எழுப்பினார். கால்சா கல்லூரிக்கும் அவருக்கும் தொடர்பு உண்டு. 1935-இல் இயோலாவில் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அவர் அறிவித்தபிறகு சீக்கியத் தலைவர்களோடு பேச்சு நடந்தது. அந்தச் சூழலில்தான் 1937-இல் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி பம்பாயில் இந்தக் கல்லூரியைத் தொடங்கியது. அவர் சீக்கியராகவில்லை. கல்லூரி நின்றது. இன்றுவரை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

1966-இல் சிவசேனா பிறந்ததும் தென்னிந்தியர்கள்மீது வெறுப்புப் பிரசாரம் நடந்தது. ஆபீஸ்களில் இருந்த தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் போட்டுப் பத்திரிகையில் வெளியிட்டார்கள். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. கண்ணாடி நொறுங்கிய கடைகளைப் பற்றி மாட்டுங்காப் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். அடி தாராவிக்கும் விழுந்தது. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் சமமாக நடத்தப்பட்டது.

அதற்குப் பிறகு மாட்டுங்காத் தமிழர்கள் மெல்ல மெல்ல வெளியே போனார்கள். பயத்தால் என்பதைவிட வாடகையாலும் இடப் பற்றாக்குறையாலும். செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நவி மும்பை. செம்பூருக்கு வந்தவர்கள் கூடவே சபாவையும் கோயிலையும் பள்ளியையும் கொண்டுவந்தார்கள். செட்டா நகர் முருகன் கோயில் படிகளில் ஏறி நின்றால் அணுசக்தி நகர்ப் பக்கம் மலை தெரியும். தியோனாரில் 1954 முதல் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இருக்கிறது. ஆனாலும் செம்பூர் கல்லூரி ஊராகவில்லை. கல்லூரிகள் இருக்கின்றன, நாலு கல்லூரிக்கு நடுவே நடந்து போகும் அந்தத் தெருக்கள் இல்லை. மாட்டுங்காவில் பழைய மூன்று மாடி வீடுகளை இடித்து உயர உயரமாக எழுப்புகிறார்கள். அங்கே இப்போது குஜராத்திக் குடும்பங்களே அதிகம். எனக்கு அதில் வருத்தமில்லை. கல்லூரிகள் அங்கேயே இருக்கின்றன, லாம்பிட்டரைப் போல யாரும் அவற்றைத் தூக்கிக்கொண்டு போகவில்லை.

என் கவலை வேறு. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது, தமிழும் அதில் ஒன்று. நாட்டில் வேறெந்த நகராட்சி இப்படிச் செய்கிறது? பாராட்டவேண்டிய விஷயம். ஆனால் அந்தத் தமிழ்ப் பள்ளிகள் பலவும் ஏழாவது எட்டாவதோடு நின்றுவிடுகின்றன. அதுவரை தமிழில் கணக்கும் அறிவியலும் படித்த பிள்ளை, அதற்கு மேல் திடீரென்று இங்கிலீஷ் மீடியத்துக்கோ இந்தி மீடியத்துக்கோ தாவவேண்டும். பலர் அந்தத் தாவலில்தான் விழுகிறார்கள். தாராவியில் காமராசர் பெயரிலேயே பள்ளி இருக்கிறது. சொந்த முயற்சியால் நடக்கும் பள்ளிகள் வேறு சிலவும் உண்டு. அங்கே படித்து டாக்டராகவும் எஞ்சினியராகவும் ஆனவர்களை எனக்கே தெரியும். அவர்கள் ஒவ்வொருவருக்கும் பின்னால் எட்டாவதோடு நின்ற ஒரு அண்ணனோ அக்காவோ இருக்கிறார்கள். மாஷேல்கருக்குக் கிடைத்த வாசல், தாராவியின் தொண்ணூறடி ரோட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டுமென்றால் முதலில் அவன் பத்தாவது முடிக்கவேண்டும்.

இப்போது தாராவிக்கும் கோடு போடுகிறார்கள். மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலம் 2022 நவம்பரில் அதானி குழுமத்துக்குப் போனது. வீடுவீடாகக் கணக்கெடுத்தார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பதற்கு ஆதாரம் காட்டினால் தாராவியிலேயே வீடு; மற்றவர்களுக்கு வேறு எங்கோ. கூட்டங்களில் பேசுவதெல்லாம் எத்தனை சதுர அடி, யாருக்குத் தகுதி, எந்த இடத்துக்கு அனுப்புவார்கள் என்பதைப் பற்றி. அது நியாயமான கவலை. தலைக்கு மேல் கூரை முதலில் வேண்டும். நான் அதோடு இன்னொன்றையும் கேட்கச் சொல்கிறேன்.

டிரஸ்ட் மாட்டுங்காவுக்குக் கோடு போட்டபோது பள்ளிக்கும் கல்லூரிக்கும் தோட்டத்துக்கும் இடம் விட்டதால்தான் இன்று அந்த ஊர் இருக்கிறது. தாராவி வரைபடத்திலும் அந்தக் கட்டம் இருக்கவேண்டும். கடைக்கும் ஆபீஸ் கோபுரத்துக்கும் போக மிச்சமிருக்கும் மூலையில் ஒரு பள்ளிக் கட்டடம் என்று தந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மைதானத்தோடு பத்தாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளி, ஒரு தொழில்நுட்பக் கல்லூரி, ஒரு பொது நூலகம், மாட்டுங்கா கல்லூரிகளுக்கு நடந்தே போக ஒரு பாலம். தோலிலும் மண்பாண்டத்திலும் தையலிலும் இத்தனை கைத்திறன் இருக்கிற இடத்துக்கு ஒரு தோல் தொழில்நுட்பக் கல்லூரி ஏன் வரக்கூடாது? சாயம் போடக் கற்றுத்தர 1933-இல் பல்கலைக்கழகமே ஒரு துறையைத் தொடங்கியிருக்கிறது.

தாராவித் தமிழ் அமைப்புகளில் இருக்கும் நண்பர்களே, அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது வரைபடத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பள்ளிக்கும் கல்லூரிக்கும் எந்த இடம், எத்தனை சதுர மீட்டர் என்று எழுத்தில் கேளுங்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் பழைய மாணவர்களே, அந்த மனுவில் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்.